நெஞ்சு மட்டக் குதிர்

பொய்ச் சாட்சி சொல்கிறவன் திருடனைவிடக் கேடுகெட்டவன் என்று அந்த நாளில் யாராவது என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் பல்லை உடைத்திருப்பேன். நான் பொய்ச் சாட்சி என்று எனக்கே தோன்றியதில்லை. நான் டீக்கடைக்காரன், அவ்வளவுதான்.

கண்டமங்கலத்துக்கும் வளவனூருக்கும் நடுவே, ஏரிமேட்டுப்பாளையம் போலீஸ் டேஷன் மதிலை ஒட்டிப் புறம்போக்கில் நாலு கீற்றுப் போட்டுக் கடை வைத்திருந்தேன். டேஷனில் திருட்டுப் பொருளைக் கைப்பற்றினால் மகஜர் எழுதுவார்கள். இன்னார் வீட்டில் இன்ன இடத்தில் இன்ன பொருள் கிடைத்தது என்று எழுதி, அதை நேரில் பார்த்ததாக ரெண்டு பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஏட்டு அப்பாதுரை மதில்மேல் தலையை நீட்டி, "சக்கரபாணி, ஜல்தி வா" என்பார். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வருவேன். அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் திரும்பிவிடலாம்.

போட மாட்டேன் என்றால் கடை இருக்காது. அதை ஏட்டு வாயால் சொன்னதே இல்லை. சொல்லும்படி நான் வைத்துக்கொண்டதும் இல்லை.

கையெழுத்துப் போட்ட பாவத்துக்குக் கோர்ட்டுக்கும் போக வேண்டியிருக்கும். அது ஒன்றுதான் பேஜாரு. போன வருஷம் ஒரு மோட்டார் கொட்டகையில் செம்புக் கம்பி திருடிய கேஸ், சின்னக்கண்ணு என்று எவனோ ஒருவன். விழுப்புரம் கோர்ட்டில் ஏட்டு சொல்லிக் கொடுத்ததை ஒப்பித்துவிட்டு, கூண்டில் நின்றவனை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்தேன். அவனுக்கு ரெண்டு வருஷம் போட்டார்கள் என்று அப்புறம் யாரோ சொன்னார்கள். "அப்படியா" என்றேன்.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஆடி மாசம் ராயப்பன் கேஸ் வந்தது.

ராயப்பன் காலனி ஆள். அப்பன் காலத்திலிருந்து தாண்டவராயன் பண்ணையில் வேலை. திடீரென்று ஒருநாள், "நான் புதுச்சேரி மில்லுக்குப் போறேங்க" என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டான். மில்லில் சங்கு ஊதினால் வேலைக்குப் போகணும், சங்கு ஊதினால் வீட்டுக்கு வரலாம், நடுவில் எவனும் "எலே" என்று கூப்பிட மாட்டான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். அதுதான் தாண்டவராயனுக்குப் பொறுக்கவில்லை. எட்டாம் நாள் அவர் பெண்சாதியின் ரெட்டை வடச் சங்கிலி காணாமல் போயிற்று. ஒன்பதாம் நாள் ராயப்பன் லாக்கப்பில் இருந்தான்.

பத்தாம் நாள் காலையில் டேஷனுக்குள் டீ கொண்டு போனபோது, தாண்டவராயன் துண்டு முடிச்சை அவிழ்த்து அந்தச் சங்கிலியை ஏட்டு மேஜைமேல் வைத்தார். ரெண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அடுப்பு மேடையைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார்கள். நானும் டம்ளரை வைத்துவிட்டு வெளியே வந்தேன். மத்தியானம் ஏட்டு கூப்பிட்டார், போனேன், போட்டேன். ராயப்பன் வீட்டில் கேப்பை கொட்டி வைக்கும் குதிருக்குள் சங்கிலி கிடைத்ததாம். நான் பக்கத்தில் நின்று பார்த்தேனாம்.

விழுப்புரம் மாஜிஸ்திரேட்டு நீண்ட லீவில் போனதால் கேஸ் திண்டிவனம் கோர்ட்டுக்கு மாறியது. வாய்தாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது ராயப்பன் பெண்சாதி லூர்துமேரி கடைக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. காலனி ஆட்களுக்கென்று வெளிக் கழியில் அலுமினிய டம்ளர்கள் தொங்கும் இடத்தில் நின்றாள்.

"டீயா?" என்றேன்.

"டீ வாணாங்க. ஒரு சேதி கேக்கணும். எங்க வூட்டு குதிருலேந்து சங்கிலி எடுத்ததை நீங்க பாத்தீங்களாமே. அந்தக் குதிரு எங்க கீது, சொல்லுங்க. நானும் பத்து வருசமா தேடிக்கினு கீறேன்."

கடையில் நாலு பேர் இருந்தார்கள். ஒருவன் சிரித்துவிட்டான். எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறிற்று.

"திருடனுக்கு வக்காலத்து வாங்க வந்துட்டியா? போடி அப்பால, வியாபார நேரத்துல!"

அவள் அழுவாள், காலில் விழுவாள் என்று எதிர்பார்த்தேன். விழுந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"போறேங்க. ஒரு வாட்டி வந்து பாத்துட்டுப் போங்க. பாத்தேன்னு சொல்லப் போறவரு, பாத்துட்டே சொல்லலாமில்ல?"

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். அன்று முழுக்க எனக்கு எதிலும் பிடிப்பில்லை. டீயில் சர்க்கரையை ரெண்டு தரம் போட்டேன். எங்கள் வீட்டில் கூடத்து மூலையில் மண் குதிர் நிற்கிறது. என் அண்ணன் வீட்டில் ரெண்டு. ஏட்டு வீட்டில் மூன்று இருக்கும். குதிர் இல்லாத வீடு உண்டா? இந்தப் பொம்பளை என்ன கதை விடுகிறாள்? சாயங்காலம் என் பெண்சாதி ராஜாமணி குதிரின் வாய்க்கட்டையைப் பிடுங்கி, சோற்றுக்கு நெல்லை முறத்தில் வாங்கிக்கொண்டிருந்தாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"இன்னா, புதுசா பாக்கறாப்பல பாத்துக்கினு நிக்கறீங்க?" என்றாள். அவள்மேலும் எரிந்து விழுந்தேன்.

மறுநாள் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு காலனிக்குப் போனேன். முப்பத்தெட்டு வயசில் அதுதான் முதல் தடவை. என் கடையிலிருந்து அரை மைல்கூட இல்லை.

லூர்துமேரி கதவென்று வைத்திருந்த தட்டியை நகர்த்தினாள். குனிந்து பார்த்தேன். ரெண்டு பேர் காலை நீட்டிப் படுத்தால் மூன்றாவது ஆள் உட்கார இடமில்லை. ஒரு அடுப்பு, ஒரு பானை, ரெண்டு சட்டி, சுவரில் மாதா படம். பானையைத் தூக்கிக் கவிழ்த்துக் காட்டினாள். ஒன்றும் விழவில்லை.

"அன்னாடம் கேப்பை அளப்பாங்க, அன்னாடம் கூழு காச்சிக் குடிச்சிருவோம். மல்லாட்டை புடுங்கற மாசத்துல ரெண்டு படி கூட வரும். அதுவும் அஞ்சாம் நாளு இருக்காது. வைக்க இருந்தாத்தானே குதிரு வேணும்?"

எனக்கு வந்தது வெட்கமென்று சொல்ல மாட்டேன், கோபம்தான். நேராக டேஷனுக்குப் போய் அப்பாதுரை முன்னால் நின்றேன்.

"ஏட்டய்யா, அந்த வூட்ல குதிரே இல்ல. குதிரு நிக்க இடமும் இல்ல."

அவர் வெற்றிலையை மென்றுகொண்டே என்னைப் பார்த்தார். "நீ எதுக்குய்யா அங்க போன?"

"பார்க்காததைப் பார்த்தேன்னு எப்படிச் சொல்றது?"

"இத்தினி வருசமா எப்படிச் சொன்ன? யோவ், எல்லா மகஜர்லயும் குதிருன்னுதான் எழுதறோம். எவனாவது கேட்டானா? கேட்டா, மண்ணுக் குதிரு, நெஞ்சு மட்டம், மேல மரப் பலகை மூடி. வழக்கமா சொல்றதுதானே?" வெளியே போய் வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டு வந்து, முதல் தடவையாக அதை வாயால் சொன்னார். "உன் கடை புறம்போக்குல இருக்குது. ஞாபகம் வச்சிக்க."

வாய்தா அன்று விழுப்புரம் போய்த் திண்டிவனம் பஸ்ஸில் ஏறினோம். முன்வரிசையில் ஏட்டு, அவருக்குப் பின்னால் நான், கடைசி வரிசையில் லூர்துமேரி. வழியெல்லாம் எனக்குள் பொரிந்துகொண்டே இருந்தது. ஏட்டின் எண்ணெய் வழியும் பிடரியைப் பார்க்கப் பார்க்க ஓங்கி ஒன்று வைக்கலாம்போல இருந்தது. தாண்டவராயன்மேல் கோபம். ஒழுங்காக ஏரோட்டிக்கொண்டு கிடக்காமல் மில்லுக்குப் போகிறேன் என்ற ராயப்பன்மேல் கோபம். பானையைக் கவிழ்த்துக் காட்டியவள்மேல் எல்லாரையும்விடக் கோபம். கடை போனால் நானும் ராஜாமணியும் ரெண்டு பெண் பிள்ளைகளும் எதைத் தின்போம்? எங்கள் குதிர் எத்தனை நாளைக்குக் காணும்?

கோர்ட்டில் சத்தியம் வாங்கினார்கள். சர்க்கார் தரப்பில் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். மகஜரில் இருப்பது உன் கையெழுத்தா? ஆமாம். யாரும் கட்டாயப்படுத்தினார்களா? இல்லை. ஏட்டு சுவரில் சாய்ந்து நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

ராயப்பனுக்கு வக்கீல் இல்லை. "சாட்சியை நீ ஏதாவது கேட்கிறாயா?" என்று மாஜிஸ்திரேட்டு கேட்டார். ராயப்பன் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். இந்தத் தடவை நானும் பார்த்தேன். இடது கண் இன்னும் வீங்கியிருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சாமி. எங்க வூட்டுக் குதிரு எம்மாம் ஒசரம்?"

அப்பாதுரை கையை மடக்கித் தன் மார்பருகே வைத்துக்கொண்டார், சட்டையைச் சரி செய்கிறவர்போல. அதைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ அறுந்துபோயிற்று. என்னை எத்தனை கேவலமாக நினைத்திருந்தால் இத்தனை பேர் முன்னால் சாடை காட்டுவான் இந்த ஆள்!

"குதிரே இல்லீங்க!" என்று கத்தினேன். "அந்த வூட்ல ஒரு பானைதான் இருக்குது, அதுவும் காலிப் பானை. மகஜர் எழுதின அன்னைக்கு நான் அந்தப் பக்கமே போகலீங்க. நான் பாத்தது ஒண்ணுதான். அன்னைக்குக் காலையில தாண்டவராயன் துண்டுலேந்து சங்கிலிய எடுத்து ஏட்டு மேஜை மேல வச்சாரு. அதைப் பாத்தேன். டீ குடுக்கப் போனப்ப என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

மாஜிஸ்திரேட்டு பேனாவைக் கீழே வைத்தார்.

"பிறகு ஏன் கையெழுத்துப் போட்டாய்?"

"கூப்பிட்டாங்க, போட்டேங்க."

என்னைக் கண்டபடி ஏசினார். வாங்கிக்கொண்டேன். மத்தியானத்துக்குப் பிறகு ராயப்பனை விடுதலை செய்தார்கள். ஏட்டின்மேல் மேலதிகாரிக்கு எழுதப்போவதாகச் சொன்னார்கள். அப்பாதுரை என்னைக் கடந்து போகும்போது, "நாளைக்கு அங்க அடுப்பு எரியாதுடா" என்றார்.

"எரியாட்டி போவுது," என்றேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். பொய் சொல்வானேன், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ராயப்பன் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். லூர்துமேரி என்னிடம் வந்தாள். கும்பிடுவாள் என்று நினைத்து, "இதெல்லாம் எதுக்கு" என்று சொல்ல வாயைத் தயாராக வைத்துக்கொண்டிருந்தேன்.

"ஐயா, போன வருசம் விழுப்புரம் கோர்ட்ல இதே மாதிரி ஒரு குதிரு சொன்னீங்க. மண்ணுக் குதிரு, நெஞ்சு மட்டம், மரப் பலகை மூடின்னு. நான் கதவாண்ட நின்னு கேட்டுக்கினு இருந்தேன்."

"எந்தக் கேசு?"

"செம்புக் கம்பிக் கேசு. சின்னக்கண்ணு எங்கண்ணன். எங்க வூட்டுக்கு அடுத்த வூடுதான், முந்தாநாளு நீங்க சைக்கிள சாத்தி வச்சீங்களே, அந்தச் சுவரு. கடலூர் ஜெயில்ல இன்னும் பத்து மாசம் கீது." குரலை உயர்த்தவே இல்லை. "அந்த வூட்லயும் குதிரு இல்லீங்க. அதை எப்ப சொல்லப் போறீங்க?"

நான் சின்னக்கண்ணுவின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். கறுப்பா, சிவப்பா, கிழவனா, வாலிபனா, ஒன்றும் வரவில்லை. அன்றைக்கு எந்தப் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன் என்பது மட்டும் நன்றாக நினைவிருந்தது.