மிதக்கிற பழம்

இரண்டாவது பேட்டரியைத் தூக்கிப் பார்த்ததும் நல்லமுத்துவின் முகம் சுருங்கிப்போனது. சேலத்து பேட்டரி ஸ்கூட்டர் கடைக்காரர் பாலசுப்பிரமணியம் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தார். முதலாவது ஆசிட் பேட்டரி, அரிசிச் சிப்பம் மாதிரி கனம். மற்றது லித்தியம். அவன் மனைவி பானு அதை ஒரு கையால் தூக்கி, சந்தைப் பை மாதிரி ஆட்டிக்கூடப் பார்த்தாள். விலை கூடத்தான், ஆனால் பல வருஷம் உழைக்கும், மேடேறும்போது வண்டிக்கும் பாரம் குறையும் என்று கடைக்காரர் சொல்லிக்கொண்டே போனார். நல்லமுத்து காதில் வாங்கவில்லை.

"கனமில்லாததுல என்னங்க இருக்கப்போவுது? தண்ணியில மெதக்கற பழம் சொத்தைங்க."

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவன். பறித்த பழத்தைத் தொட்டித் தண்ணீரில் கொட்டினால் நல்லது அடியில் தங்கும், சொத்தை மேலே வரும். உலகத்தில் எதையும் அவன் அந்தத் தொட்டியில் போட்டுத்தான் பார்ப்பான். தங்கைக்கு வந்த வரனைக்கூட 'ஆளு மெதப்பா இருக்கறான்' என்று தள்ளிவிட்டவன். கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, வீட்டில் கலந்து பேசிவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவைத்தார்.

உண்மையில் பழத்தின் மேல் வீண் பழி, காரணம் வேறு. பானு ஏற்காட்டு ஒண்டிக்கடைப் பகுதியில் ஒரு லாட்ஜில் அறை சுத்தம் செய்கிறாள். சாயங்கால பஸ் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்று ஆனதால்தான் இந்த வண்டி யோசனையே. வாழவந்திப் பக்கம் ரோட்டுக்கு மேலே, காப்பிச் செடிகளுக்கு நடுவே அவர்கள் வீடு. ஒற்றையடிப் பாதையில் வண்டி ஏறாது. பேட்டரியைக் கழற்றிச் சுமந்துபோய்த்தான் சார்ஜ் போட வேண்டும். இப்போதெல்லாம் காட்டெருமைக்குப் பயந்து, பஸ் நிற்கிற பலாமரத்தடிக்கு அவன் டார்ச்சோடு இறங்கிப்போவான். வண்டி வந்துவிட்டால் வெளிச்சத்திலேயே வந்துவிடுவேன், நீங்கள் இறங்கி வர வேண்டியதில்லை என்று பானு சந்தோஷமாகச் சொல்லியிருந்தாள். அந்தச் சந்தோஷம்தான் அவனைச் சுட்டது.

வீட்டுக்குள் கால் வைத்தால் அடுப்பு, பிள்ளைகள், டிவி. மேடேறும் அந்தக் கொஞ்ச நேரம்தான் பானு அவனுடைய பானு. பல் செட்டை டம்ளரிலேயே மறந்துவிட்டுப் போன பெரியவர், சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு அறை கேட்ட புது ஜோடி என்று கதை கதையாகச் சொல்லுவாள். அவன் 'உம்' கொட்டுவான். செங்குத்தான இடத்தில் அவன் சட்டையைப் பிடித்துக்கொள்வாள். கனமான பேட்டரி என்றால் தூக்க ஒரு ஆள் வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகு இதை எந்த வாயால் சொல்வது?

சேலத்திலிருந்து திரும்பிப் பாதை ஏறும்போது பானு கேட்டாள்.

"ஏனுங்க, அந்தக் கனத்த நான் எப்படிங்க மேல தூக்கியாருவேன்?"

"நீயேன் புள்ள தூக்கற? நானெதுக்கு இருக்கறேன்?"

கொஞ்சம் அவசரமாகச் சொல்லிவிட்டான். பானு நின்றாள். டார்ச்சை வாங்கி அவன் முகத்தில் அடித்துப் பார்த்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்புறம் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வீடு சேரும்வரை அந்தக் கையை விடவில்லை.

ஆனாலும் அவள் வாங்கியது லித்தியம்தான். அவனுக்கு மனசு உடைந்துபோனது.

வண்டியில் வேலைக்குப் போன முதல் நாள் சாயங்காலம், சவுக்கு மர உச்சியில் வெயில் இன்னும் இருந்தது. நல்லமுத்து வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தான். கீழே ஆரன் சத்தம் கேட்டது. விடாமல் கேட்டது. பழக்கதோஷத்தில் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினான்.

பலாமரத்தடியில் பானு வண்டி மேலேயே உட்கார்ந்திருந்தாள். பேட்டரியைக் கழற்றக்கூட இல்லை. ஒற்றைக் கையில் தூக்குகிற சாமானுக்கு இத்தனை ஆரனா என்று கேட்டான்.

"மெதக்கற பழந்தானுங்க. ஆனா நொம்பக் கனக்குது. நீங்களே தூக்கியாங்க."

அவன் பேட்டரியைக் கழற்றிக்கொண்டான். அவள் டார்ச்சை வாங்கி, அந்த வெயிலிலேயே எரியவிட்டு, "இன்னிக்கு ரூம்ல ஒருத்தரு என்ன பண்ணிப்போட்டாருன்னு கேளுங்க" என்று ஆரம்பித்தாள்.

பாதி வழியில் நல்லமுத்து பேட்டரியைக் கீழே வைத்தான். கையை உதறி, அரிசிச் சிப்பம் சுமந்தவன் மாதிரி மூச்சு வாங்கி, மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.