இடம் விடாத புகை

1.

உட்கார்ந்திருந்தவர்கள்: மேசைக்கு இந்தப் பக்கம் எழுதுகிறவன், அதாவது ஊருக்குக் கடிதம் எழுதித் தரும் பால்ராஜ். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் செவ்வந்தி. வாசற்படியில் அவள் மாமியார் முனியம்மாள். மூலையில் வலைமூட்டையில் சாய்ந்தபடி செவ்வந்தியின் புருஷன் சின்னதம்பி. உயிரோடு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறான். வாசிக்கிறவர்களை வயிற்றில் நெருப்போடு உட்காரவைத்து வேடிக்கை பார்க்கும் பழக்கம் அவனுக்கு இல்லை.

கதை பிறந்தது ஒரு மன்னிப்புக் கடிதத்தில். ஊர்ச் சங்கத் தலைவருக்கு செவ்வந்தி எழுதச் சொன்னது. எழுத எழுதக் கை கதைப் பக்கம் சாய்ந்தது. தனித் தாள் எடுத்துக்கொண்டான். நீங்கள் படிப்பது அந்தத் தாள்.

2.

முதல் தொடக்கம்: "பழவேற்காடு ஏரியின் மேல் கருமேகங்கள்..." [அடித்தாயிற்று. கரையிலேயே கிடப்பவன் ஏரியை வர்ணிப்பதா?]

இரண்டாம் தொடக்கம்: "மனித உடலில் ஹீம் என்றொரு..." [முனியம்மாள் கொட்டாவி விட்டாள். அடித்தாயிற்று.]

மூன்றாவது நிற்கட்டும். மறுநாள் விடிந்தால் சின்னதம்பியின் பாடு. இறால் நிறைய விழும் இடங்களில் எல்லாரும் ஒரே நாளில் வலை கட்ட முடியாது. சீட்டுப் போட்டு ஆளுக்கொரு முறை. அதற்குப் பேர்தான் பாடு. தன் நாள் முடிந்தால் எழுந்து அடுத்தவனுக்கு விட வேண்டும். நாளைத் தவறவிட்டால் அடுத்த சுற்றுதான். வலையிலோ நண்டு கடித்த ஓட்டைகள். மத்தியானம் மூன்று மணி, அடைமழை, கரண்ட் இல்லை. கோயில் திருவிழா ஜெனரேட்டர் சின்னதம்பியின் பொறுப்பில் இருந்தது. ஊரைக் கேட்காமல் தொடக்கூடாது. தொட்டான். சாரல் அடிக்காமல் தன் வலைக் கொட்டகையின் நாலு பக்கமும் தார்ப்பாயை இறக்கிக் கட்டி, ஒரு விளக்குக்காக அதை உள்ளேயே ஓட்டினான்.

டீ கொண்டுபோன செவ்வந்தி பார்த்தபோது, கையில் வலை ஊசியோடு குப்புறக் கிடந்தான்.

3.

ஆஸ்பத்திரியில் விரலில் கிளிப் மாட்டினார்கள். தொண்ணூற்றெட்டு காட்டியது.

"ஆக்சிஜன் நல்லாத்தான் இருக்கு. குடிச்சிருந்தாரா?" என்றார் டாக்டர் ஜமுனா.

"எம்புள்ள சோடா குடிச்சாலே ஏப்பம் வுட்டுனு படுத்துக்குவான்மா," என்றாள் முனியம்மாள். "அவனா குடிக்கிறவன்?"

"வேற எதாவது நடந்துதா?"

செவ்வந்தி வாயைத் திறக்கவில்லை. ஜெனரேட்டரைச் சொன்னால் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிந்தால் பாடு நிறுத்தம்.

[இங்கே அவளை உடனே பேச வைத்து எழுதுகிறவன் ஒரு வரி போட்டான். "இன்னாண்ணே, பொய் எழுதற? பத்து நிமிஷம் கல்லாட்டம் நின்னேன். அத்த எழுது," என்றாள். அந்தக் கதாபாத்திரம் நிஜமாக நிற்குமா என்று அவனுக்கிருந்த சந்தேகம் அங்கே தீர்ந்தது.]

பிறகு சின்னதம்பியின் கை வெட்டி வெட்டி இழுத்தது.

"ஜெனரேட்டரு ஓட்னாரும்மா. தார்ப்பாய் கட்டினு, உள்ளயே. கோயில் ஜெனரேட்டரு." கடைசி வார்த்தையைக்கூட அவள் விழுங்கவில்லை.

டாக்டர் அதற்குமேல் கிளிப்பைப் பார்க்கவில்லை. முகமூடியை இறுக்கி, ஆக்சிஜனை முழுசாகத் திறந்தார்.

4.

(அடிக்குறிப்பாக இருக்க வேண்டியது, இடம் போதவில்லை.) டாக்டர் பிறகு விளக்கியது: ரத்தத்தில் ஹீமோகுளோபின். அதற்குள் ஹீம் என்ற வளையம், வளையத்தின் நடுவே ஓர் இரும்பு. அது ஆக்சிஜனை ஏற்றிப்போய் வேண்டிய இடத்தில் இறக்கிவிடும். ஜெனரேட்டர் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு அதே இடத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்கு பிடிவாதமாக உட்காரும். கிளிப்புக்கு நிறம்தான் தெரியும், உட்கார்ந்திருப்பது யாரென்று தெரியாது. செல்லுக்குள் சைட்டோகுரோம் என்ற புரதங்கள், அவற்றிலும் ஹீம். ஒன்று எலக்ட்ரானை வாங்கி அடுத்ததன் கையில் கொடுக்கும். கடைசியில் நிற்பது ஆக்சிஜனிடம் ஒப்படைக்கும். உயிருக்கான சக்தி பெரும்பாலும் இந்தக் கைமாற்றில்தான் பிறக்கிறது. புகை அந்தக் கடைசி இடத்திலும் போய்க் குந்திக்கொள்ளும்.

"அட, பாடு தானே!" என்றாள் செவ்வந்தி. "ஒருத்தன் எழுந்துக்கல. பின்னாடி கீறவன்லாம் பட்டினி."

எழுதுகிறவன் மூன்று பத்திகளை வெட்டினான்.

(இறாலின் ரத்தத்தில் இரும்புக்குப் பதில் செம்பு. இதற்கும் கதைக்கும் சம்பந்தமில்லை. வெட்ட மனசு வரவில்லை.)

5.

சாயந்திரம் கண் விழித்த சின்னதம்பி கேட்டது: "மழ வுட்டுச்சா?"

"எமன் எட்டிப் பாத்துட்டுப் போயிருக்கான், இவன் மழயக் கேக்குறான் பாரு!" என்று முனியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். செவ்வந்தி சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். மறுநாள் அவர்கள் பாடு நாளில் வலை விழவில்லை. "போவட்டும்," என்றாள். அந்தச் சொல்லை இத்தனை லேசாக அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை.

6.

முடிவு அ: சங்கம் மன்னிக்கிறது.
முடிவு ஆ: ஒரு வருஷம் பாடு நிறுத்தம்.
முடிவு இ: தலைவர் கடிதத்தைப் படித்துவிட்டுத் தன் கொட்டகையில் ஓடும் ஜெனரேட்டர் பக்கம்...

"எதைப் போடட்டும்?"

"எதுவும் வாணாம்ணே. நடந்தத எழுது. கீழ ஒரு வரி சேரு: மூடுன கொட்டகைல யாரும் ஜெனரேட்டர் ஓட்டாதீங்க. நெறய பேருக்குத் தெரியாது."

மூலையிலிருந்து சின்னதம்பி, "நாந்தான் எடுத்தேன்னு எழுதுண்ணே. அவள இதுல இழுக்காத," என்றான். எழுந்து வந்து கையெழுத்தும் போட்டான். பேனா நடுங்கவில்லை. மூன்று பேரும் அதையே பார்த்தார்கள்.

சங்கம் மறுகரையில் கூடும். அங்கே எல்லாரும் வட்டமாக உட்காருவார்கள். அந்த வட்டத்தில் ஓரிடத்தை எழுதுகிறவன் காலியாக விட்டிருக்கிறான். அது உங்களுக்கு. உட்கார்ந்து, உங்கள் முடிவைச் சொல்லுங்கள். சொன்னதும் எழுந்து இடம் விடுங்கள்.

செவ்வந்தி சோற்றுப் பருக்கையால் உறையை ஒட்டினாள். மறுகரைக்குப் போகும் படகுக்காரர் எல்லப்பன் அதை மடியில் செருகிக்கொண்டு படகைத் தள்ளினார்.