பதினோரு மணி வெயில்

எதிரே எழும்பிய புதுக் கட்டடத்தின் முகப்பு முழுக்கக் கண்ணாடி. அதுவும் தட்டையாக இல்லாமல், கிண்ணத்தின் உட்புறம்போலக் குழிந்து வளைந்திருந்தது. அது திறந்த மூன்றாம் நாள், காலை பதினோரு மணிக்கு, ஜெராக்ஸக்காவின் கடை வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலி உருகிச் சரிந்தது. நல்லவேளை, அதில் உட்கார்ந்திருந்த பெரியவர் அப்போதுதான் எழுந்து போயிருந்தார்.

நகலெடுக்கும் கடை வைத்திருந்ததால் தெருவுக்கே அவள் ஜெராக்ஸக்கா. விறுவிறுவென்று கட்டட மேலாளரிடம் போனாள்.

"எல்லாக் கட்டடத்துலயும்தான் கண்ணாடி இருக்கு. நாற்காலி மட்டமானதா இருக்கும்மா" என்று அவர் பேச்சைக் கத்தரித்தார்.

"பெரிய இடம். நம்மால மோத முடியுமா?" என்றார் வீட்டில் அவள் கணவர்.

"நாளைக்கு அங்க ஒரு குழந்தை நின்னா?"



நான்கு நாள் அவள் சாக்பீஸோடு வாசலில் நின்றாள். எதிர்க் கட்டடக் கண்ணாடியிலிருந்து வரும் ஒளி பத்தரைக்கு எங்கே விழுகிறது, பதினொன்றுக்கு எங்கே என்று தரையில் கோடு கிழித்தாள். பக்கத்துக் கடை முடிதிருத்துபவரிடம் இரண்டு கண்ணாடிகள் கேட்டாள். ஒன்று தட்டை; மற்றது முகத்தைப் பெரிதாகக் காட்டும் குழிக் கண்ணாடி.

"யாருக்கு சவரம்?" என்றார் அவர்.

"மேலாளருக்கு."

ஐந்தாம் நாள், விடாமல் நச்சரித்து மேலாளரையும் பொறியாளரையும் வாசலுக்கே வரவழைத்தாள். தட்டைக் கண்ணாடியால் வெயிலைத் திருப்பிக் கறுப்புத் தாளில் விழச்செய்தாள்.

"வந்த வெளிச்சம் வந்தபடியே திரும்புது. கண்ணு கூசும், அவ்வளவுதான்."

பிறகு குழிக் கண்ணாடியைச் சூரியனுக்குக் காட்டி, அதன் முன்னால் தாளை மெல்ல நகர்த்தினாள். ஒளிவட்டம் சுருங்கிச் சுருங்கிப் பொட்டானது. அந்தப் பொட்டை அசையவிடாமல் பிடித்தாள்.

"இது தன்மேல விழுற அத்தனை வெயிலையும் ஒரே இடத்துல கொண்டாந்து சேர்க்குது."

புகை கிளம்பியது. தாளில் ஓட்டை விழுந்தது.

"இது சின்னக் கண்ணாடிம்மா..." என்று மேலாளர் இழுத்தார்.

"உங்களோடது ஆறு மாடி, சார். மணி பதினொண்ணு. அந்தக் கோட்டுக்கு மேல கையை நீட்டுங்க."

நீட்டியவர் "ஐயோ!" என்று வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பொறியாளர் தலையைச் சொறிந்தார். "அக்கா சொல்றது சரிதான் சார். நாம கட்டினதே ஒரு குழிக் கண்ணாடி."

அன்று மதியமே அந்த இடத்தைச் சுற்றித் தடுப்பு வைத்தார்கள். மூன்று வாரத்தில், கண்ணாடியில் வெயில் படாமல் மறிக்க, முகப்பின் குறுக்கே வரிசை வரிசையாகப் பலகைகள் ஏறின. கடைசி வரிசையை விட்டுவிட்டு ஆட்கள் சாரத்தை அவிழ்க்கத் தொடங்கியபோது, ஜெராக்ஸக்கா கடையைப் போட்டது போட்டபடி விட்டுத் தெருவைக் கடந்தாள்.

"இன்னும் ஒரு வரிசை பாக்கி இருக்கு, தம்பி. அதையும் அடிச்சிட்டு இறங்குங்க."

அடித்துவிட்டுத்தான் இறங்கினார்கள்.