இரும்புச்சத்து சேர்த்த சோளக்குச்சி

அவனுக்குக் கோபம் வந்தால் முதலில் காதுதான் சிவக்கும். டாக்டரம்மாவின் அறையை விட்டு வெளியே வந்தபோது இரண்டு காதும் சிவந்துபோயிருந்தன.

மனைவிக்கு ஏழாவது மாதம். இரண்டு மாதத்துக்கு முன் ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஒன்பது புள்ளி ஒன்று இருந்தது. இன்று எட்டு புள்ளி இரண்டு. “இரும்புச்சத்து மாத்திரைய ஒழுங்கா போடுறீங்களா?” என்று டாக்டரம்மா கேட்டதும் அவள் தலையை ஆட்டினாள். அது பொய். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவனும் கூடச் சேர்ந்து ஆட்டினான். அது அதைவிடப் பெரிய பொய். அடுத்த மாதத்துக்குள் பத்தைத் தொடாவிட்டால் இங்கே பிரசவம் பார்க்க முடியாது, தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மாத்திரையை நிறுத்தச் சொன்னதே இந்த மகராசன்தான். காலையில் எழுந்ததும் அதை விழுங்குவாள், பத்தே நிமிடத்தில் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுப்பாள். பார்க்கச் சகிக்கவில்லை. இவனுக்கோ நொறுக்குத்தீனி கம்பெனியில் பேக்கிங் மெஷின் வேலை. தினமும் ஆயிரக்கணக்கான சோளக்குச்சி பாக்கெட்டுகள் கண்ணெதிரே ஓடும். ஒவ்வொன்றின் நெற்றியிலும் ‘இரும்புச்சத்து சேர்த்தது’ என்று கொட்டை எழுத்து. “சும்மாவா போடுவாங்க? இதத் தின்னா போதும், மாத்திரைய விடு” என்றான்.

அந்தப் பாக்கெட்டைப் பிரித்தாலே மசாலா வாசனை அவளுக்குக் குமட்டியது. இவன் சளைக்கவில்லை. கம்பெனியில் அடுப்புப் பக்கம் நிற்கிற நண்பனிடம் சொல்லி, மசாலா பூசுவதற்கு முன்பே வெறும் குச்சியாக ஒரு பை நிறைய வாங்கி வந்தான். இரண்டு மாதமாகத் தினமும் அந்தப் பைதான். இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று தன் முதுகில் தானே தட்டிக்கொண்டான்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அவன் புலம்பித் தீர்த்தான்.

“எல்லாம் பித்தலாட்டம். ஒரு சத்தும் சேர்க்கிறதில்ல. நாளைக்கு இருக்கு அவங்களுக்கு.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை கம்பெனியில் வேலைச் சட்டையைக்கூட மாட்டாமல் நேராகக் கலவை அறைக்குப் போனான். அங்கே எடை போடுகிற அக்கா பதினைந்து வருடமாக அதே தராசின் முன் நிற்பவர்.

“உண்மையச் சொல்லுங்கக்கா. அந்த இரும்புச்சத்தை நிஜமாவே போடுறீங்களா, இல்ல பாக்கெட்டுல எழுதுறதோட சரியா?”

“விடிஞ்சதும் விடியாததுமா சண்டைக்கு வந்துட்டியா? நீயே பாரு.” அக்கா ஒரு டின்னிலிருந்து பொடியை அள்ளி, எடை பார்த்து, பக்கத்திலிருந்த பெரிய டிரம்மில் கொட்டினார். “ஒவ்வொரு தடவையும் ரெண்டு பேர் கையெழுத்து. ஒரு கிராம் குறைஞ்சாலும் என் சீட்டு கிழிஞ்சிடும்.”

அவன் டிரம்முக்குள் எட்டிப் பார்த்தான்.

“இது மசாலாதானேக்கா?”

“ஆமா, இதுலதான் கலக்கணும். குச்சி மேல மசாலா பூசும்போது சத்தும் சேர்ந்து ஒட்டிக்கும்.”

“அப்போ பூசாத குச்சில?”

“அதுல என்னப்பா இருக்கு? சோளமும் காத்தும்.”

சண்டை போட வந்தவனுக்கு எதிரே ஆளே இல்லாமல் போய்விட்டது. “மசாலாவோடவே தின்னிருந்தா?” என்று கேட்டான்.

அக்கா விரல் விட்டுக் கணக்குப் போட்டார். “ஒரு மாத்திரைல இருக்கிறது வேணும்னா தினம் பதினஞ்சு பாக்கெட்டாவது தின்னணும். அந்த உப்புக்கு அப்புறம் தனியா வைத்தியம் பார்க்கணும். நொறுக்குத்தீனி தின்னே தீரணும்னா சத்து சேர்க்காததுக்கு இது கொஞ்சம் தேவலாம். மருந்துன்னு நினைச்சு எவனாவது தின்னா, அவனை மாதிரி மடையன் கிடையாது.” அப்புறம்தான் அவன் முகத்தைப் பார்த்தார். “ஏன் தம்பி, யாருக்குக் கேட்கிற?”

அவன் மெஷினுக்குப் போனான். அன்று முழுக்க அந்தக் கொட்டை எழுத்து ஆயிரம் ஆயிரமாக வந்து அவனைப் பார்த்துப் பல்லிளித்தது. உள்ளே எங்கே போடுகிறார்கள் என்று இத்தனை நாளில் ஒருதரம் கேட்டிருக்கக் கூடாதா? அவனுக்கு அவன்மேலேயே எரிச்சலாக வந்தது.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு அதே குச்சியைத்தான் மென்றுகொண்டிருந்தாள்.

“கம்பெனிக்காரன் என்ன பண்றான்னா...” என்று ஆரம்பித்தான்.

“சுத்தி வளைக்காதீங்க. இதுல ஒண்ணும் இல்ல, அதானே?”

“சத்து மசாலாலதான் இருக்காம். நான்தான் மசாலா இல்லாம கொண்டுவந்துட்டேன்.”

அவள் வாயில் இருந்ததை விழுங்கினாள். “எனக்கு இது பிடிக்கவே இல்ல, தெரியுமா? அட்டையக் கடிக்கிற மாதிரி இருக்கும். பிள்ளைக்காகன்னு ஒவ்வொண்ணா முழுங்கினேன். ரெண்டு மாசம்.”

குரலை அவள் உயர்த்தவில்லை. கத்தியிருந்தாலாவது அவனும் பதிலுக்குக் கத்தியிருப்பான். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அலமாரியிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்தாள். ஒன்றைப் போட்டுத் தண்ணீர் குடித்தாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, குளியலறைக்கு ஓடினாள். அவன் செம்பில் தண்ணீரோடு கதவருகே நின்றான்.

வெளியே வந்தவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு டப்பாவை அவனிடம் நீட்டினாள்.

“இன்னொண்ணு போடத்தான் போறேன். அதுக்கு முன்னாடி இதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிங்க. பெரிய எழுத்து மட்டுமில்ல, சின்ன எழுத்தும்.”

உள்ளே நாலாக மடித்த காகிதம் ஒன்று பிரிக்காமலே இருந்தது. விளக்குக்கு அடியில் பிடித்து அவன் சத்தமாக வாசித்தான். ஏழாவது வரியில் நின்றுவிட்டான்.

“என்ன?”

“வெறும் வயித்துல குமட்டினா சாப்பாட்டுக்கு அப்புறம் போடலாமாம்.”

அவள் டப்பாவை அவன் கையிலிருந்து வாங்கினாள். பிறகு சுவரைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தாள்.

“சாப்பாடு போடுங்க” என்றாள்.