இரண்டு மணிச் சங்கு

மேடையில் நடு நாற்காலி இன்னும் காலியாகவே இருந்தது. காலை ஆறு மணிக்குக் கொடியசைக்க வேண்டிய சிறப்பு விருந்தினர், பதினொன்றைத் தாண்டியும் வந்தபாடில்லை.

ஆவடியில் பந்தல் நிழலில் சைக்கிள் வீரர்கள் கால் நீட்டிச் சாய்ந்திருந்தார்கள். பரந்தாமனால் மட்டும் உட்கார முடியவில்லை. பிரேக்கை அழுத்திப் பார்த்தான். டயரைக் கிள்ளிப் பார்த்தான். மறுபடி பிரேக்.

பத்தொன்பது வயது. மேனாம்பேட்டில் வீடு. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. இன்றைக்கு முதல் இரண்டு இடம் பிடிக்கிறவர்கள் மாநில அணியில் டில்லிக்குப் போவார்கள். மூன்றாவதாக வருகிறவனுக்கு ஒரு எவர்சில்வர் குடம்.

நாலு வருஷமாக அந்த இரண்டு இடமும் இரண்டே பேருக்குத்தான். ரயில்வே நாகேந்திரன், போலீஸ் ராஜசேகரன். ஒரு வருஷம் இவர் முதல், மறுவருஷம் அவர். இருவருக்கும் பேச்சே கிடையாது. பந்தலின் இந்தக் கோடியில் ஒருவர், அந்தக் கோடியில் ஒருவர்.

போன வருஷம் பரந்தாமன் அவர்கள் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு வந்து, கடைசி அரை மைலில் தூசியைத்தான் பார்த்தான். பக்கத்து லேத்து சுலைமான் அன்றே சொன்னான்:

"அவனுங்க ரெண்டு பேரும் ஒருத்தனை ஒருத்தன் பாத்துக்கினே வர்றானுங்க. உன்னை எவன் பாக்கப் போறான்? அதான் மாமே உன் சொத்து. சீக்கிரமே பிச்சிக்கினு முன்னால ஓடிடு."

இன்றைக்குக் காலை ஷிப்டில் பரந்தாமனின் லேத்தையும் சேர்த்துப் பார்ப்பதற்கு அதிகாலையிலேயே போய்விட்டான் சுலைமான்.

ஷிப்ட்.

பரந்தாமனின் கை பிரேக்கிலேயே நின்றது. ஞாயிற்றுக்கிழமை, ரோடு காலியாகக் கிடக்கும் என்று நம்பித்தான் பட்டணத்து அமைப்பாளர்கள் பந்தயத்தை வைத்திருந்தார்கள். மின்வெட்டு காரணமாக அவன் கம்பெனிக்கு வெள்ளிக்கிழமை லீவு என்பதும், ஞாயிறு முழு வேலை என்பதும் அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஆறு மணிக்குக் கிளம்பியிருந்தால் ஒன்றுமில்லை. இப்போது கிளம்பினால், பூந்தமல்லி போய், ஸ்ரீபெரும்புதூரில் திரும்பி, எஸ்டேட்டைத் தொடும்போது மணி இரண்டாகிவிடும். இரண்டு மணிக்குக் காலை ஷிப்ட் முடிந்து சங்கு ஊதும். ஆயிரம் சைக்கிள் ரோட்டுக்கு வரும். முடிவுக் கோடு அதற்கும் அப்பால், பாடிப் பக்கம்.

சங்குக்கு முன்னால் கம்பெனி கேட்டைக் கடந்தவன் பிழைத்தான்.

ஒரு வழியாகக் கார் வந்தது. மாலை விழுந்தது. கொடி ஆடியது.

வெயில் ஆளைத் தின்றது. ஸ்ரீபெரும்புதூரில் திரும்பியபோது பாதிப் பேர் காணாமல் போயிருந்தார்கள். மீண்டும் ஆவடியைத் தொட்டபோது எட்டே பேர். திருமுல்லைவாயில் வந்ததும் பரந்தாமன் எழுந்து நின்று மிதித்தான்.

பின்னால் யாரோ சிரித்தது கேட்டது. அக்குள் வழியாகத் திரும்பிப் பார்த்தான். நாகேந்திரன் ராஜசேகரனைப் பார்த்தார். ராஜசேகரன் நிதானமாகத் தண்ணீர் குடித்தார். துரத்தினால் எதிர்காற்றைத் தான் வாங்கிக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் ஒட்டி வரும் மற்றவனையும் சேர்த்து இழுத்துப் போக வேண்டும். அந்த உபகாரத்தை யார் செய்வது?

அம்பத்தூர் வரை எல்லாம் சரியாகத்தான் போயிற்று. அதன்பிறகு கடல் காற்று வந்து நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. முன்னால் மறைப்பதற்கு ஒரு முதுகு இல்லை. தொடை எரிந்தது. தூரத்தில் கம்பெனி கேட் தெரிந்தது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சமே கொஞ்சம்.

சங்கு ஊதியது.

கேட் திறந்ததும் ரோடு மறைந்தது. கேரியரில் டிபன் பாக்ஸ், பின்னால் ஒரு ஆள், பேசிக்கொண்டே ஆறேழு பேர் வரிசையாக. பந்தயம் நடப்பதே அவர்களுக்குத் தெரியாது. பரந்தாமனின் வண்டியில் பெல்லும் இல்லை. வாயாலேயே ஓரம் கேட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தான். தினமும் நீந்துகிற கூட்டம்தானே. எந்த ஹேண்டில்பார் எந்தப் பக்கம் சாயும் என்று முழங்கைக்கே தெரிந்திருந்தது.

"இன்னாடா, வேலைக்கு லேட்டா?"

சுலைமான். பக்கத்திலேயே கிரீஸ் கையோடு மிதித்துக்கொண்டிருந்தான். சிரித்தவன் முகம் சட்டென்று மாறியது.

"மச்சான், உன் முதுகுலேயே ஒருத்தன் ஒட்டிக்கினு வர்றான்."

ராஜசேகரன். நாகேந்திரனை எங்கேயோ கழற்றிவிட்டு வந்திருந்தார். பரந்தாமன் பிளந்த வழியில், அவன் பின்சக்கரத்தை உரசுவதுபோல் வந்துகொண்டிருந்தார். கூட்டம் முடிகிற இடத்தில் ஒரே பாய்ச்சலில் போய்விடுவார். போன வருஷம் பார்த்த அதே பாய்ச்சல்.

பரந்தாமன் மிதிப்பதை விட்டான். கூட்டத்தின் வேகத்துக்கே இறங்கினான்.

"என்னப்பா, இழு," என்றார் ராஜசேகரன்.

"கால் போச்சுண்ணே. நீங்க போங்க."

அவர் போகவில்லை. இந்த வித்தையெல்லாம் பார்த்தவர். முன்னால் போகிறவன்தான் காற்றைத் தின்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா? இரண்டு பேரும் மாப்பிள்ளை ஊர்வலம்போல் நகர்ந்தார்கள். பின்னால் டிபன் பாக்ஸ்களுக்கு நடுவே ஒரு மஞ்சள் தொப்பி தலைகாட்டியது. நாகேந்திரன். அவரும் வந்து சேர்ந்தால் மூவர். மூவரில் மூன்றாவது யார் என்று யோசிக்கவே வேண்டாம். குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

இருந்தும் மிதிக்கவில்லை. ராஜசேகரன் திரும்பிப் பார்க்கட்டும் என்று காத்திருந்தான்.

அவர் திரும்பினார். தொப்பியைப் பார்த்தார். அவ்வளவுதான். கூட்டத்தைப் பிய்த்துக்கொண்டு காற்றுக்குள் பாய்ந்தார்.

போன காலை மறுபடி மாட்டிக்கொண்டு பரந்தாமன் அவர் பின்சக்கரத்தைப் பிடித்தான். அகலமான முதுகு. காற்றே இல்லை. கோடு தெரிந்தது. இப்படியே போனால் இரண்டாவது இடம் நிச்சயம், டில்லியும் நிச்சயம். ஆனால் கால்கள் கேட்கவில்லை. இடப்பக்கம் வெளியே வந்து, மூச்சை அடக்கி, கண்ணை மூடாத குறையாக மிதித்தான்.

அரைச் சக்கர வித்தியாசம். பரந்தாமனுக்கு முதல் இடம்.

ராஜசேகரன் ஹேண்டில்பாரில் தலையைச் சாய்த்துக்கொண்டு வெகுநேரம் மூச்சு வாங்கினார்.

"கால் போச்சுன்னியே தம்பி?"

"வந்துடுச்சுண்ணே."

மூன்றாவதாக வந்த நாகேந்திரனிடம் குடத்தை நீட்டினார்கள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. நேராக ராஜசேகரனிடம் போனார்.

சுலைமான் வேர்க்க விறுவிறுக்க வந்து பரந்தாமனைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். சட்டையெல்லாம் கிரீஸ். டில்லியில் குளிருமே, உன்னாண்ட ஸ்வெட்டர் கீதா என்று கேட்டான். பரந்தாமன் அவன் தோளுக்கு மேலாக ராஜசேகரன் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

நாலு வருஷம் பேசாத இரண்டு பேரும் தலையை நெருக்கி வைத்துக்கொண்டு பேசினார்கள். பேச்சின் நடுவே நாகேந்திரன் இவன் பக்கம் விரலை நீட்டினார். ராஜசேகரன் தலையாட்டினார்.

"அந்தப் பையன் பேர் என்ன?" என்று நாகேந்திரன் அமைப்பாளரைக் கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது. அடுத்த வருஷம் இரண்டு பேர் கண்ணும் அவன்மேல்தான் இருக்கும்.

பரந்தாமனின் கை தானாகப் பிரேக்கை அழுத்திப் பார்த்தது.