விடுதிக்குப் பத்து மின்விசிறி

பல்கலைக்கழகப் பெண்கள் விடுதிக்குப் பத்து மின்விசிறி வாங்கிக் கொடுத்தாலும் கொடுத்தான், ஒரு மாதமாக விஜயசங்கருக்கு அதே பேச்சுதான். ஒவ்வொரு இறக்கையிலும் 'உபயம்: வீரபாகு குடும்பத்தார், தென்காசி' என்று சிவப்புப் பெயின்டில் எழுத வைத்திருந்தான். சுற்றுகிற விசிறியில் எழுத்தை யார் படிப்பார்கள் என்று மனைவி அபர்ணா கேட்டதற்கு, கரண்ட் போகும்போது படிப்பார்கள் என்று சிரிக்காமல் பதில் சொன்னான்.

அவளுக்கும் சிரிப்பு வரவில்லை. அதே பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. தாவரவியல் முதல் வருடம் முடித்த கையோடு அவளுக்குக் கல்யாணம் ஆனது. படிப்பு அப்படியே நின்றது. இப்போது மகள் பள்ளிக்கூடம் போகிறாள். விட்ட இடத்திலிருந்து சேர்ந்து முடிக்கலாம், ஆனால் இந்த வெள்ளிக்கிழமைக்குள் வரவேண்டும் என்று துறையில் சொல்லியிருந்தார்கள். காலை ரயிலில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடுகிறேன் என்று அவளும் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "பாப்போம்" என்பான். பிறகு மின்விசிறிக் கடைக்குப் போன் போடுவான்.

நன்கொடையாளர்களுக்கான பாராட்டுக் கூட்டத்தைக் குற்றாலத்தில் வைத்திருந்தார்கள். சீசனில் அங்கே வைத்தால்தான் ஆள் சேரும். மாமியார் இராமலட்சுமி, கோயில் மண்டகப்படிக்குக் கிளம்புவது போல வெற்றிலை, பழம் வைத்த தாம்பாளத்தோடு காரில் ஏறினாள். சாரலில் நனையாமல் அதைத் துணைவேந்தரிடம் சேர்ப்பது மருமகள் பொறுப்பு.

தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டே அபர்ணா கேட்டாள்.

"நீங்க அங்க படிக்கவும் இல்ல. எதுக்குத்தான் குடுக்கீங்க?"

"தாத்தா கோயிலுக்கு ட்யூப்லைட் குடுத்தாரு. அவரு என்ன பூசையா வச்சாரு?"

அவள் தாம்பாளத்தில் சரிந்த பழத்தை நிமிர்த்தி வைத்தாள்.

மேடையில் பொன்னாடை போர்த்திய பேராசிரியரும் அதே கேள்வியைத்தான் கேட்டார். விஜயசங்கர் மைக்கைப் பிடித்துக்கொண்டு தடுமாறினான்.

"நிச்சயமான புதுசுல இவளப் பாக்க ஹாஸ்டலுக்குப் போனேன். முகமெல்லாம் வேர்வை, கையில புஸ்தகம். ரூமுல ஃபேன் ஓடலன்னா. மறுநாளு பரீட்சையாம். படிக்க வந்த பிள்ள இப்படிக் கிடந்து வேகுதேன்னு அன்னைக்கே மனசு கேக்கல."

அபர்ணா இதுவரை கேட்டிராத கதை இது. ஒரு நிமிடம் எரிச்சல் மறந்தது. அடுத்த நிமிடமே எரிச்சல் இரண்டு மடங்கானது. அவளையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். தாம்பாளத்தை மாமியார் கையில் கொடுத்துவிட்டு மேடையேறினாள்.

"வேர்த்த பிள்ளயப் பாதிப் படிப்புல வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டு, இப்ப ரூமுக்குக் காத்து விடுதாரு."

மண்டபமே சிரித்தது. விஜயசங்கரும் சிரித்தான். பிறகு அவன் முகம் மெல்ல மாறியது.

திரும்பும் வழியெல்லாம் மாமியார், நாலு பேர் முன்னால் இப்படியா பேசுவாள் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அவன் சாலையைப் பார்த்தே காரை ஓட்டினான். தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் வீட்டு வாசலில் காரை நிறுத்தியபிறகுதான், பெரிதாக எதையோ கண்டுபிடித்தவன் போல அவள் பக்கம் திரும்பினான்.

"ஏட்டி, நான் யோசிச்சேன். நீ ஹாஸ்டல்ல தங்கவே வேண்டாம். காலையில ரயிலு இருக்குல்லா? போயிட்டுச் சாயங்காலம் வந்திரலாம். பாப்பாவ நான் பாத்துக்கிடுதேன்."

அபர்ணா கண்ணை மூடித் திறந்தாள். இது யாருடைய யோசனை என்று கேட்கத்தான் வாயெடுத்தாள். கேட்டால் பேச்சு விடியும்வரை போகும்.

"நல்ல யோசனைதான். நாளைக்கே போய்ச் சேருவோம். அங்கன வந்து ஃபேன் ஓடுதா, ஃபேன் ஓடுதான்னு யாரையும் கேட்டுக்கிட்டு நிக்கப்பிடாது."

"கேக்கல." கார் சாவியைக் கையில் உருட்டினான். "நீ மட்டும் உள்ள போய் ஒரு எட்டு பாத்துட்டு வந்திரேன்."