மாமன் இல்லாத நாடு

"கொஞ்சம் பொறுங்க, ஒரே ஒரு அத்தியாயம்" என்று தங்கலட்சுமி நோட்டைத் தூக்கிப் பிடித்தபோது, அவளுடைய தாய்மாமன் ஜெயபாண்டியைப் பாடையில் கிடத்திக் கட்டுப் போட்டாகிவிட்டது. மேளக்காரர் ஓங்கிய குச்சியோடு அப்படியே நின்றார்.

பதினேழு வயதுப் பிள்ளைக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அண்ணனைப் பறிகொடுத்து அழுதுகொண்டிருந்த அவள் அம்மாகூட அழுகையை நிறுத்திவிட்டு முறைத்தாள்.

விஷயம் இதுதான். தங்கலட்சுமி ஆறு மாதமாக ஒரு நாவல் எழுதுகிறாள். வரப்போகும் காலத்தில் ஒரு கொடுங்கோல் நாடு. அங்கே சொந்தபந்தம் வைத்துக்கொள்வது குற்றம். பெண்பிள்ளை பெரியவளானால் பேரைப் பிடுங்கிக்கொண்டு, ஒரு நம்பரைக் கொடுத்து, இரும்புக் கதவுக்கு அந்தப்பக்கம் அனுப்பிவிடுவார்கள். போனவள் திரும்பமாட்டாள். ஞாயிறுதோறும் தங்கலட்சுமி நரிக்குடியிலிருந்து பாளையம்பட்டிக்குப் பஸ் ஏறி, மாமாவின் பந்தல் கடையில் வைத்து வாசித்துக் காட்டுவாள். படுதா மூட்டையில் சாய்ந்து கேட்கும் ஜெயபாண்டிக்குக் கதை பிடித்துத்தான் இருந்தது. ஒரே ஒரு குறை.

"ஏன் தாயி, பிள்ள சமஞ்சு நிக்கிது. ஓலக்குச்சு கட்ட ஒரு தாய்மாமன்கூடவா இல்ல அந்த நாட்டுல?"

மாமனே கிடையாது, அதுதான் கதையே என்று அவளும் தலைபாடாக அடித்துக்கொண்டாள். மனுசன் கேட்டால்தானே? தன் லோடு வண்டியையும் நாலு கம்பையும் கதைக்குள் அனுப்பச் சொல்லி அடம்பிடித்தார். தொல்லை பொறுக்காமல், சேர்த்துவிட்டேன் என்று வியாழக்கிழமை போனில் ஒரு பொய் சொல்லிவைத்தாள். ஞாயிற்றுக்கிழமை கேட்கிறேன் என்றார். சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுக் கை கழுவியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். சேதி கேட்டு வந்த பஸ்ஸில் அழுதுகொண்டே அவள் எழுதியதுதான் இந்த அத்தியாயம். மாமாவிடம் சொன்ன பொய், பொய்யாகவே அவரோடு போய்விடக் கூடாது.

நேரமாகிறது, தூக்குங்கள் என்றார் ஒரு பெரியவர். தலைமாட்டிலிருந்து அத்தை காளீஸ்வரி கையைக் காட்டினாள்.

"படிக்கட்டும். நேத்து சோத்துல கை வைக்கும்போதும் அதத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாக."

படித்தாள். இரும்புக் கதவுக்கு முன்னால் ஒரு லோடு வண்டி வந்து நிற்கிறது. காவலாளி துப்பாக்கியை நீட்டி நம்பர் கேட்கிறான். நம்பரெல்லாம் இல்லை, நான் தாய்மாமன் என்கிறார் இறங்கியவர். அவர் பாட்டுக்கு ஓலையை இறக்குகிறார், குழி தோண்டுகிறார். பிறகு துப்பாக்கிக்காரனைப் பார்த்துச் சொல்கிறார்: "சும்மாதான நிக்கிற? இந்தக் கம்பக் கொஞ்சம் பிடிப்பா."

குபீரென்று சிரித்துவிட்டார்கள். அந்த ஊரில் ஜெயபாண்டிக்குக் கம்பு பிடிக்காதவர் யார்? தாலி கட்ட வந்த மாப்பிள்ளையையே பிடிக்கவைத்த ஆளாயிற்றே. காளீஸ்வரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அப்படியே அழுதாள். காவலாளி கம்பைப் பிடித்தான். கதவைத் தாண்டி வந்த பிள்ளையை மாமன் பேர் சொல்லிக் கூப்பிட்டதோடு அத்தியாயம் முடிந்தது.

மேளம் கொட்டியது. பாடையைத் தூக்கினார்கள். பந்தலும் அவருடையதுதான், அவர் கடை ஆள் முத்துராஜ் போட்டது. வாசல் கம்பு பாடையில் இடித்தது. முத்துராஜ் கயிற்றை அவிழ்த்துக் கம்பை விலக்கினான். அவனும் தோள் கொடுக்கப் போக வேண்டும். சுற்றிப் பார்த்தான்.

"இதக் கொஞ்சம் பிடி தாயி."

தங்கலட்சுமி நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்தாள். பாடை தெருமுனை திரும்பும்வரை கம்பு ஆடவில்லை.